படக்கதையும் பரம்பரையும்



ஒரு வீட்டிலே மூன்று தலைமுறையினர் ஒருங்கே வாழ்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். பாட்டனார் படிப்பது ஒரு நூல். தந்தை படிப்பது வேறொரு நூல். பிள்ளை படிப்பது இன்னொரு நூல். பாட்டனார் கையிலிருக்கும் புராணத்தைப் பிள்ளை தொடுவதில்லை. பிள்ளையின் பாடப்புத்தகத்தைப் பாட்டனார் திறப்பதில்லை. ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்குகின்ற இவர்கள், புத்தக அலுமாரியின் முன்னால் மாத்திரம் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. இம்மூவரும் ஒருவர் தோளுக்கு மேலாக ஒருவர் எட்டிப் பார்த்து, ஒரே பக்கத்தை ஒரே வேளையில் படிக்கத்தக்க நூல் ஏதேனும் உண்டா? உண்டு. அதனைப் படக்கதை என்கிறோம். சித்திரக்கதை என்றும் சொல்வதுண்டு. சிறுவர்கள் காமிக்ஸ் என்கிறார்கள்.

படக்கதை என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் முன்னும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் என் தந்தையார். ஆகவே அவரைக்கொண்டே இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

1978ஆம் ஆண்டு. அப்பொழுது எனக்கு 13 வயது. யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு அண்மையில் எங்கள் ஊர். 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடுகள் 1977ஆம் ஆண்டுக்குப் பின்னர் தளர்ந்தன. தமிழகத்துப் புத்தகங்கள் மீண்டும் கடைகளிலே தொங்கத் தொடங்கின. அவற்றுள் ஒன்றை, ஒரு வாரமாகச் சேர்த்த காசைக் கொடுத்து வாங்கி, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். அது சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ்.

பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுத்தொழிலுக்கும் பெயர்பெற்ற சிவகாசியிலே, திரு. சௌந்திரபாண்டியன் அவர்கள் 1972ஆம் ஆண்டில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. இக்கதை 1962ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ‘வாலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழில் தோன்றியது. அதற்குச் சித்திரம் தீட்டியவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். ஆய்வுகூட உதவியாளன் ஒருவன் விபத்தொன்றில் வலக்கையை இழந்து, அதற்குப் பதிலாக இரும்புக் கையைப் பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் அவன் உடலிற் பாய்ந்ததும் அவன் உருவம் மறைந்துவிடுகிறது. இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் அசைகிறது. முதலில் தீய வழியிலே போன அவன், பிற்பாடு திருந்தி நல்லோர் பக்கம் நின்று போராடுகிறான். ஆங்கிலேயன் கதையை ஸ்பானியன் வரைய, அதனைத் தமிழன் சிவகாசியிலே அச்சிட, யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஒருவன் விறாந்தை மூலையிலே ஒளித்திருந்து படித்தான்.

ஒளித்திருந்தவன் பிடிபட்டான். தந்தையார் தபாற்கந்தோரிலே எழுதுவினைஞராக இருந்தவர். ஒரு கடிதத்தின் முகவரியிலே எழுத்துப் பிழை இருந்தாலும் பொறுக்கமாட்டார். புத்தகத்தைப் பறித்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் அமர்ந்தார். “என்ன குப்பை இது?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. எனினும், அவருடைய கதிரைக்கு அருகே கிடந்த சிரித்திரன் சஞ்சிகையின்மீது என் பார்வை சென்றதை அவர் கவனித்திருக்கவேண்டும். சுந்தர் என்ற பெயரில் வரைந்த சிவஞானசுந்தரம் அவர்கள் 1963ஆம் ஆண்டு தொடங்கிய நகைச்சுவைச் சஞ்சிகை அது. சவாரித்தம்பரையும் சின்னக்குட்டியையும் பார்த்துத் தந்தையார் தனியே இருந்து சிரிப்பதை நாங்கள் எல்லோரும் அறிவோம். படமும் பேச்சும் கலந்த கதை அவருக்கு மாத்திரம் ஆகும், எனக்கு ஆகாது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லைப்போலும்.

மறுநாட் காலை புத்தகம் என் கைக்குத் திரும்பி வந்தது. மூன்று இடங்களிலே அச்சுப் பிழைகளைப் பென்சிலால் திருத்தியிருந்தார். “தம்பி, இதில மூன்று பிழை இருக்கு. அடுத்த புத்தகம் வந்தால் முதலில் என்னட்டைத் தா, பார்த்துத் தாறன்” என்றார்.

அன்றுமுதல் எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு படக்கதையும் பிழை திருத்துவதற்காக முதலில் அவரிடமே சென்றது. சில புத்தகங்கள் இரண்டு நாட்கள் வரை திரும்பி வருவதில்லை. அத்தனை பிழைகளா இருந்தன என்று நான் கேட்டதில்லை.

நேயர்களே, என் தந்தையாரின் முதற்கோபத்தை நான் குறைகூற மாட்டேன். அந்த அச்சம் உலகமெங்கும் இருந்த அச்சம். 1954ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், படக்கதைகளே சிறுவர்களைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டிலேயே அந்நாட்டு செனற் சபையின் துணைக்குழு இதுபற்றி விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் அஞ்சித் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு, 1955இல், பிரித்தானியா தீங்கான சிறுவர் வெளியீடுகளுக்கு எதிராகச் சட்டமே இயற்றியது. பல ஆண்டுகள் கழிந்தபின், 2012ஆம் ஆண்டிலே, கரோல் டில்லி என்ற நூலகவியல் ஆய்வாளர் அந்த மருத்துவரின் பழைய குறிப்புகளை ஆராய்ந்தார். தம் கருத்துக்கு ஏற்றவாறு சிறுவர்களின் வாக்குமூலங்களை மருத்துவர் மாற்றியும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தமை அப்பொழுது வெளிப்பட்டது.

இதனால், படக்கதைகள் யாவும் பிள்ளைகளுக்கு உகந்தவை என்று நான் சாதிக்க வரவில்லை. உகந்தனவும் உண்டு, உகவாதனவும் உண்டு. ஆயினும், நல்லது எது, தீயது எது என்று அறிவதற்குப் பெரியவர் செய்யவேண்டியது புத்தகத்தைப் பறிப்பதன்று. பக்கத்தில் இருந்து படிப்பது. என் தந்தையார் பறித்துத்தான் தொடங்கினார். ஆனால் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். அந்தத் திருப்பித் தருதலில்தான் அவருடைய பெருமை இருந்தது.

படக்கதைக்கு இந்தச் சேர்ந்து படிக்கும் இயல்பு எங்கிருந்து வருகிறது? சற்றே ஆராய்ந்து பார்ப்போம். படக்கதையின் ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கின்றன. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே சிறிய வெற்றிடம். முதற்கட்டத்தில் ஒருவன் கதவின் கைப்பிடியைப் பற்றுகிறான். அடுத்த கட்டத்தில் அறையின் நடுவே நிற்கிறான். கதவு திறந்ததையும் அவன் உள்ளே வந்ததையும் எவரும் வரையவில்லை. அவற்றைப் படிப்பவர்தாமே தம் மனத்தில் வரைந்துகொள்கிறார். ஸ்கொட் மக்ளவுட் என்ற அமெரிக்க ஓவியர் 1993ஆம் ஆண்டில் இக்கலையைப்பற்றி எழுதிய நூலில், படக்கதையின் உயிர் இந்த இடைவெளியிலேயே இருக்கிறது என்று விளக்கினார்.

இந்த இடைவெளியைச் சிறுவன் ஒருவிதமாக நிரப்புகிறான். முதியவர் வேறொருவிதமாக நிரப்புகிறார். “கதவு கிறீச்சிட்டிருக்கும்” என்கிறார் பாட்டனார். “இல்லை, அவர் உதைத்துத் திறந்தார்” என்கிறான் பேரன். அங்கே ஒரு பேச்சுப் பிறக்கிறது. இருவருக்கும் இடையே 50 வருட இடைவெளி இருக்கலாம். ஆயினும் அந்த அரை அங்குல வெற்றிடத்திலே இருவரும் சமானமானவர்கள்.

உலகத்துப் படக்கதைகளை நோக்கினால், தலைமுறை என்ற பொருள் அவற்றின் உள்ளேயும் புறமும் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். பெல்ஜிய நாட்டு ஓவியர் எர்ஜே 1929ஆம் ஆண்டு படைத்த டின்டின் என்னும் இளம் பத்திரிகையாளனின் பெயரால் 1946இல் ஒரு வார இதழ் தோன்றியது. ஏழு வயது முதல் எழுபத்தேழு வயது வரையுள்ள இளைஞர்களுக்குரியது என்று அது தன்னை அறிமுகஞ் செய்துகொண்டது. லீ பால்க் என்ற அமெரிக்கர் 1936ஆம் ஆண்டு படைத்த முகமூடி வீரர் மாயாவியை ராணி காமிக்ஸ் வாசகர்கள் நன்கு அறிவர். அவர் சாகாவரம் பெற்றவர் என்று காட்டிலுள்ளோர் நம்புகிறார்கள். உண்மை என்னவெனில், தந்தை இறந்ததும் மகன் அதே முகமூடியை அணிந்துகொள்கிறான். நாம் காண்பவர் அந்த மரபில் 21ஆவது மனிதர். இத்தாலியிலே ஜான் லூயிஜி பொனெல்லி என்ற எழுத்தாளரும் ஔரெலியோ கலெப்பினி என்ற ஓவியரும் 1948ஆம் ஆண்டு டெக்ஸ் வில்லர் என்ற குதிரைவீரனைப் படைத்தார்கள். டெக்ஸ் வில்லருக்குக் கதையிலே கிட் என்றொரு மகன் உண்டு; தந்தையும் மகனும் சேர்ந்தே பகைவரைத் துரத்துகிறார்கள். கதைக்கு வெளியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பொனெல்லியின் மகன் செர்ஜியோ பதிப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். தாமும் கதைகள் எழுதினார். தந்தையின் பெயரோடு தம் பெயர் குழம்பக் கூடாதென்று புனைபெயர் வைத்துக்கொண்டார்.

சிவகாசியிலும் அதே கதைதான். முத்து காமிக்ஸைத் தந்தை தொடங்கினார் என்று சொன்னேன். அவருடைய மகன் திரு. விஜயன் அவர்கள் 1984ஆம் ஆண்டில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். டெக்ஸ் வில்லரைத் தமிழர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைபோல் அறிந்தது அதன் வாயிலாகவே. 2022ஆம் ஆண்டில் முத்து காமிக்ஸ் 50 ஆண்டுகளை நிறைவுசெய்தது. 50 ஆண்டு என்பது ஒரு சிறுவன் பாட்டனாராவதற்குப் போதுமான காலம் அல்லவா?

நானும் அந்தக் காலக்கணக்குக்கு உட்பட்டவனே. என் மகள் 1990ஆம் ஆண்டு பிறந்தாள். மறு ஆண்டு தந்தையார் காலமானார். அவர் பென்சில் பட்ட புத்தகங்கள் யாவும் ஒரு தகரப்பெட்டியில் என்னிடம் இருந்தன.

அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரி வைத்த விளக்கே இரவில் எங்களுக்குத் துணை. அந்த வெளிச்சத்திலே மகளை மடியில் இருத்தி இரும்புக்கை மாயாவியைப் படித்துக் காட்டுவேன். ஒருநாள் அவள் கேட்டாள்: “அப்பா, எங்கட ஊரில கறண்ட் இல்லையே. மாயாவி இங்க வந்தால் எப்பிடி மறைவார்?” இங்கிலாந்திலே அந்தக் கதையை எழுதியவருக்கு இப்படியொரு கேள்வி எழுமென்று தோன்றியிருக்காது. ஜாம் போத்தல் வெளிச்சத்தில் படித்த பிள்ளைக்கே அது தோன்றும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி. வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவிலே ஊரை விட்டுப் புறப்பட்டதை நேயர்களுட் பலர் அனுபவித்தே அறிவீர்கள். ஒரு சைக்கிளிலே எதை ஏற்றுவது, எதை விடுவது? உடுபுடவை, அரிசி, சமையற் பாத்திரம், பத்திரங்கள். தகரப்பெட்டியைக் கட்டிலின்கீழே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினேன். நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனங்கள் மழையிலே அடி அடியாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். மகள் சைக்கிள் பாரிலே இருந்தாள். அவள் அழவில்லை. “அப்பா, மாயாவிக் கதை சொல்லுங்கோ” என்றாள். புத்தகம் இல்லை, விளக்கும் இல்லை. நினைவிலிருந்து சொல்லத் தொடங்கினேன். எங்கே நிறுத்தினாலும், “பிறகு?” என்றாள். அந்தப் ‘பிறகு’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே விடியும்வரை நடந்தோம்.

மறு ஆண்டு ஊர் திரும்பியபோது வீட்டின் ஓடுகள் இல்லை. பெட்டிக்குள் மழைநீரும் கறையானும் சேர்ந்து எல்லாவற்றையும் ஒரே மண்கட்டியாக்கியிருந்தன. நடுவிலிருந்து இரண்டொரு தாள்களை உரித்தெடுக்க முடிந்தது. அவற்றுள் ஒன்றின் ஓரத்திலே பென்சிலால் இட்ட திருத்தம் மங்கலாகத் தெரிந்தது. அந்தத் தாள் இன்றும் என்னிடம் உண்டு.

இனி என் பேரனுக்கு வருகிறேன். மகளுடைய மகன், எட்டு வயது, வெள்ளவத்தையிலே வளர்கிறான். ஆங்கில மொழியிலே பயில்வதால் தமிழ் எழுத்துக்களோடு அவனுக்கு அத்தனை நட்பு இல்லை. ஆனால் அவனும் படக்கதைப் பைத்தியம். யப்பான் நாட்டுப் படக்கதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பிலே படிக்கிறான். ஒருநாள் அவன் புத்தகத்தை எடுத்து முதற்பக்கத்தைத் திறந்தேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். “அம்மப்பா, நீங்கள் முடிவிலிருந்து தொடங்குகிறீர்கள்!” என்றான். யப்பானியப் படக்கதையை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். கட்டங்கள் எந்த ஒழுங்கில் போகின்றன என்று விரலை வைத்துக் காட்டினான். நான் தவறியபோதெல்லாம் பொறுமையோடு திருத்தினான். என் தந்தையாரின் பென்சில் எனக்கு நினைவு வந்தது.

புத்தகம் முடிந்ததும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். அவன் தரும் புத்தகத்தை நான் படிப்பேன். நான் தரும் புத்தகத்தை அவன் படிக்கவேண்டும். சென்னைக்குப் போய்வந்த உறவினர் ஒருவரைக்கொண்டு இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பை வருவித்தேன். படக்கதையிலே பேச்சுக்குமிழிக்குள் இருக்கும் வாக்கியங்கள் சிறியவை. எழுத்துத் தடுக்கினாலும் படம் கைகொடுக்கும். “யார் அங்கே?” “ஓடு!” “நில்!” என்று அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். பத்துப் பக்கம் தாண்டியதும் வேகம் பிறந்தது. பாடப்புத்தகத்திலே பார்த்து அஞ்சிய எழுத்துக்கள், கதை அடுத்து எங்கே போகிறது என்று அறியும் ஆவலிலே அவனுக்கு இளகிக்கொடுத்தன.

சமையலறையிலிருந்து வந்த மகள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “இனித்தான் மாயாவி பாலத்தைக் கடப்பார். பாலத்திலே ஒரே சனம். இரும்புக்கை மட்டும் மேலே உயர்ந்து எல்லோருக்கும் வழிகாட்டும். அந்த இடம் வரட்டும்” என்றாள்.

பேரன் ஆவலோடு பக்கங்களைப் புரட்டினான். கதை முடிந்துவிட்டது. பாலம் வரவில்லை. மீண்டும் முதலிலிருந்து தேடினான். “அம்மா, இதில் பாலமே இல்லையே!” என்றான்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்தப் பாலம் புத்தகத்திலே எக்காலத்திலும் இருந்ததில்லை. அன்றிரவு மழையிலே, அவள் அஞ்சாதிருப்பதற்காக நான் இட்டுக்கட்டிய பாலம் அது. 30 ஆண்டுகளாக அது அச்சிட்ட கதையென்றே அவள் நம்பியிருந்தாள்.

அதன்பிறகு அவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தன் மகனுக்கு அந்த இரவைப்பற்றி முதன்முறையாகச் சொன்னாள். எத்தனையோ முறை சொல்ல முயன்று சொல்லாமல் விட்ட கதை அது. எங்கே நிறுத்தினாலும், அவனும், “பிறகு?” என்றுதான் கேட்டான்.

நேயர்களே, என் தந்தையார் எனக்குப் பெட்டி நிறையப் புத்தகங்களை விட்டுச்சென்றார். அவற்றைக் கறையான் தின்றது. எனினும் நான் இழந்தவை தாள்களே. பக்கத்திலே ஒருவரை இருத்திக்கொண்டு படிக்கும் பழக்கத்தைக் கறையான் தின்னவில்லை. ஒரு கட்டத்துக்கும் மறு கட்டத்துக்கும் நடுவேயுள்ள வெற்றிடத்தைப் படிப்பவரே நிரப்புகிறார் என்று முன்னர் சொன்னேன். ஒரு தலைமுறைக்கும் மறு தலைமுறைக்கும் நடுவேயும் அத்தகைய வெற்றிடம் உண்டு. அங்கே என்ன நடந்தது என்பதை எவரும் வரைந்துவைக்கவில்லை. சேர்ந்திருந்து படிக்கும்போது, அது தானே பேச்சில் வந்துவிடுகிறது.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை படக்கதையொன்றைக் கையில் வைத்திருக்கக் கண்டால், பறிக்காதீர்கள், பக்கத்திலே அமருங்கள். முதலில் அவன் சொல்வதைக் கேளுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பதையும் அவனிடமே கேட்டறியுங்கள். அதன்பின் உங்கள் புத்தகத்தை எடுத்து நீட்டுங்கள். பிழை கண்டால் திருத்துங்கள். ஆனால் மறுநாட் காலையில் மறவாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.